குசினியை மாற்றுமுன் குழாயைப் பாருங்கள்

ஊரில் வீடு கட்டியபோது கழிவுநீரைப் பற்றி நம்மவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுவது? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. நகரம் முழுவதற்கும் பொதுவான நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் அங்கே இருக்கவில்லை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று, பாத்திரம் கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போயிற்று. வீட்டுக்கு அடியில் புதைந்து, முற்றத்தைக் கடந்து, வீதிக் குழாயில் போய்ச் சேரும் ஒரு குழாய்க்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்பது நமக்குப் பழக்கமில்லாத எண்ணம்.

1980களில் டென்மார்க்குக்கு வந்து, முகாமிலும் வாடகை வீட்டிலும் காலம் கழித்து, பிறகு ஹேர்னிங், பிராண்ட, வைல, ஹொல்ஸ்ரபுறோ, கிறின்ஸ்ரெட் போன்ற யூலன்ட் ஊர்களில் சொந்த வீடு வாங்கிய தலைமுறைக்குப் பெரும்பாலும் கிடைத்தவை 1960களிலும் 70களிலும் கட்டிய ஒருமாடித் தனிவீடுகள். பாசெல்ஹூஸ் என்று டேனிஷ்காரர் சொல்லும் அந்த வீடுகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. வாங்கிய கையோடு நாம் என்ன செய்கிறோம்? தரைக்கு ஓடு பதிக்கிறோம், குளியலறையைப் புதுப்பிக்கிறோம், குசினியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுகிறோம். அந்த அழகான ஓட்டுக்கு ஒரு முழம் கீழே 1965ஆம் ஆண்டின் குழாய் அப்படியே கிடக்கிறது. மூன்றாம் வருடம் அது உடைந்தால் முதலில் உடைக்கப்படுவது அந்தப் புது ஓடுதான்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். தரைக்கு மேலே இலட்சக் கணக்கில் குரோனர் போடுவதற்கு முன், சில ஆயிரம் குரோனர் செலவில் குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். இதை அவசரமில்லாத காலத்தில் செய்ய வேண்டும். மலகூடம் பொங்கி வழியும் ஞாயிற்றுக்கிழமை இரவில் எடுக்கும் முடிவு எதுவும் மலிவாக முடிவதில்லை.

வீட்டின் வயதும் குழாயின் வயதும்

வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பது பி.பி.ஆர். என்ற அரசாங்கக் கட்டடப் பதிவேட்டில் இருக்கிறது. 1977இல் தொடங்கிய பதிவேடு அது. இணையத்தில் முகவரியைக் கொடுத்தால் எவரும் பார்க்கலாம். ஆண்டு தெரிந்தால் குழாய் என்ன பொருளால் ஆனது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

1960களுக்கு முந்திய வீடு என்றால் நிலத்துக்குக் கீழே மெருகிட்ட சுட்ட களிமண் குழாய் அல்லது கொங்கிறீற் குழாய். வீட்டுக்குள் சுவரோடு இறங்குவது வார்ப்பிரும்பு. பிளாஸ்ரிக் குழாய் 60களில் மெல்ல நுழைந்து 70களில் பரவியது. எனவே 1968இல் கட்டிய வீட்டில் களிமண்ணும் கொங்கிறீற்றும் பிளாஸ்ரிக்கும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தால் வியப்படைய வேண்டாம். பின்னாளில் சேர்த்த அறைக்கு ஒரு குழாய், சலவை இயந்திரத்துக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு பத்தாண்டும் தன் பங்குக்கு ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கும்.

களிமண் குழாயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பலர் அதைக் கேட்டவுடனே பயப்படுகிறார்கள். நன்றாகச் சுட்டு மெருகிட்ட களிமண்ணை அமிலமும் அரிக்காது, காரமும் அரிக்காது. நூறு வருடம் தாண்டியும் உள்சுவர் வழுவழுப்பாக இருக்கும். பழுதாவது அதன் மூட்டு. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மீற்றர், சில சமயம் அதிலும் குறைவு. அப்படியானால் இருபது மீற்றர் குழாயில் இருபதுக்கும் மேற்பட்ட மூட்டுகள். அந்தக் காலத்தில் தார் ஊறிய கயிற்றைத் திணித்து மேலே சீமெந்து பூசி மூட்டை அடைத்தார்கள். கயிறு உக்கும், சீமெந்து வெடிக்கும், மண் இறங்கும்போது ஒரு துண்டு அடுத்ததை விட்டு விலகும். அந்த மயிரிழை இடைவெளியால் வேர் உள்ளே வருகிறது, எலி வெளியே போகிறது, மண் விழுகிறது.

கொங்கிறீற்றின் நோய் வேறு. கழிவுநீர் தேங்கி நாற்றமெடுக்கும் இடத்தில் ஐதரசன் சல்பைட்டு வாயு எழுகிறது. குழாயின் மேற்கூரையில் வாழும் பக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்ற, அமிலம் சீமெந்தைத் தின்கிறது. தண்ணீர் ஓடும் அடிப்பாகமும் சுடுநீராலும் சலவைத் தூளாலும் காலப்போக்கில் தேய்ந்து, சரளைக் கற்கள் பல்லிளிக்கும். இந்த நிலைக்கு வந்த குழாயில் அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தாலே உடைந்துவிடக்கூடும்.

ஆரம்பகாலப் பிளாஸ்ரிக்கும் குறையற்றது அல்ல. அது துருப்பிடிக்காது, ஆனால் கீழே மண்ணைச் சரியாக இறுக்காமல் புதைத்த இடங்களில் நடுவில் தொய்ந்து பள்ளமாகிவிடும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு என்பது இங்கே வழக்கமான கணக்கு. தொய்ந்த இடத்தில் அந்தச் சரிவு இல்லாமல் போய் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும்.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய குழாய்கள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிய காலத்துக்கு அமைக்கப்பட்டவை. 1980களில் கோபன்ஹேகனில் ஒருவர் நாளொன்றுக்கு 170 லீற்றர் வரை பாவித்தார். இன்று அது 100 லீற்றரை ஒட்டி நிற்கிறது. தண்ணீரை மிச்சம் பிடிப்பது நல்லதுதான், விடவேண்டாம். ஆனால் அகலமான பழைய கொங்கிறீற் குழாயில் 2 அல்லது 4 லீற்றர் தண்ணீர் மட்டும் போனால் கடதாசியை அது பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. புது மலகூடத் தொட்டி போட்டபின் அடைப்பு அடிக்கடி வருகிறது என்றால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

நம் சமையலும் இங்குள்ள மண்ணின் குளிரும்

இது நமக்கென்றே எழுத வேண்டிய பகுதி. டேனிஷ் கையேடுகளில் கிடைக்காது.

தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உறையும். ஊரில் அது போத்தலில் எப்போதும் நீராகவே இருந்தது. டென்மார்க்கில் நிலத்துக்குக் கீழே மண்ணின் வெப்பம் ஆண்டு முழுவதும் சராசரியாக 8, 9 பாகை. தாளித்த சட்டியைச் சுடுநீரில் கழுவும்போது எண்ணெய் ஓடிப்போய்விட்டதாகத் தெரியும். வீட்டுச் சுவரைத் தாண்டிய சில மீற்றருக்குள் அது உறைந்து குழாயின் உட்சுவரில் படிந்துவிடும். நெய்யும் அப்படித்தான், ஆட்டிறைச்சிக் கொழுப்பு அதைவிட மோசம். நல்லெண்ணெய் குளிரில் உறையாது. ஆனால் அதுவும் மாவோடும் சவர்க்காரத்தோடும் சேர்ந்து பசையாகிவிடும். அந்தப் பசையில் அரிசிப் பருக்கை, பருப்பு, தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை எல்லாம் ஒட்டுகின்றன. திருப்பியும் திருப்பியும் அடைபடும் குசினிக் குழாயை வெட்டிப் பார்த்தால் நூறு மில்லிமீற்றர் வாயில் இரண்டு விரல் நுழையும் அளவுதான் மிஞ்சியிருக்கும்.

செய்ய வேண்டியது சிரமமானது அல்ல. சட்டியைக் கழுவுமுன் குசினிக் கடதாசியால் துடைத்து, அந்தக் கடதாசியை உணவுக் கழிவுக்கான பச்சைப் பையில் போடுங்கள். வடை, ரோல்ஸ், மிக்சர் பொரித்த எண்ணெயை ஆறவிட்டு மூடியுள்ள பழைய போத்தலில் ஊற்றி வையுங்கள். எங்கே போடுவது என்று கொமூன் எனப்படும் உங்கள் உள்ளூராட்சி சபை சொல்லும். கழுவு தொட்டியின் வாயில் நுண்ணிய கண்ணுள்ள வடிதட்டு வையுங்கள். கோயில் திருவிழாவுக்கோ பூப்புனித நீராட்டு விழாவுக்கோ வீட்டில் பெரிய சமையல் நடந்தால், உதவிக்கு வருபவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைய ஒரு நாளில் போகும் எண்ணெய் சாதாரணமாக ஆறு மாதத்தில் போவதற்குச் சமம்.

குளியலறையில் நீண்ட தலைமுடியும் தலைக்கு வைத்த எண்ணெயும் அதே வேலையைச் செய்கின்றன. தரை வடிகாலின் மூடியைத் திறந்து, உள்ளே கிடக்கும் வாளி போன்ற பகுதியைக் கழற்றிக் கழுவுவதை வீட்டு வேலைகளில் ஒன்றாக்குங்கள். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்துணி எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் மலகூடத்தில் போடக் கூடாது. கடதாசியைப்போல அது கரைவதில்லை.

அடைப்பு வந்தால் நம்மவர் முதலில் சொல்லும் மருந்து, "அண்ணை, கோஸ்டிக் சோடா ஒரு போத்தில் ஊத்துங்கோ, எல்லாம் கரைஞ்சு போம்" என்பதுதான். அது கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றுவது உண்மை. ஆனால் தண்ணீர் ஓடாமல் நிற்கும் குழாயில் ஊற்றினால் அந்தச் சவர்க்காரமும் கரையாத சோடாவும் சேர்ந்து கல்லாக இறுகி நிற்கும். தண்ணீரில் கலக்கும்போது கடும் வெப்பம் எழும்பும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பிறகு குழாயைத் திறக்க வரும் தொழிலாளியின் முகத்தில் அந்தத் திரவம் தெறிக்கும் என்பதையும் நினையுங்கள். முதலில் றப்பர் உறிஞ்சி, அடுத்துக் கழுவு தொட்டிக்குக் கீழுள்ள வளைவைக் கழற்றிக் கழுவுவது, அதற்கும் சரிவராவிட்டால் சுருள் கம்பி. இவற்றை வீட்டுக்காரர் தாமே செய்யலாம். கோஸ்டிக் சோடா ஏற்கெனவே ஊற்றியிருந்தால், திருத்த வருபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

குழாய் காட்டும் அறிகுறிகள்

நாற்றம் வந்தால் உடனே நிலத்தைத் தோண்ட நினைக்காதீர்கள். பாவிக்காத மலகூடம், நிலவறையில் மறந்துபோன தரை வடிகால், விருந்தினர் அறைக் கழுவு தொட்டி எதிலாவது வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஒரு நாள் பொறுங்கள். நாற்றம் போய்விட்டால் பிரச்சினை அவ்வளவுதான்.

மலகூடத்தில் தண்ணீர் விட்டவுடன் குளியலறை வடிகால் கடகடவென்று சத்தம் போட்டால், இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் குழாய் ஒடுங்கியிருக்கிறது. ஒரே ஒரு தொட்டி மட்டும் மெதுவாக இறங்கினால் பழுது அந்தத் தொட்டிக்கு அருகில். வீடு முழுவதும் மெதுவானால் பழுது வெளியில்.

முற்றத்தில் உள்ள கழிவுநீர்க் கிணற்றின் வட்ட மூடியை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், உள்ளே இறங்கவே வேண்டாம். அங்கே தங்கும் வாயு ஆளைக் கொல்லும். மேலே நின்று மின்சூள் அடித்துப் பார்த்தால் போதும். அடியில் சுத்தமான மணல் படிந்திருந்தால் அது உங்கள் வீட்டிலிருந்து வந்த மணல் அல்ல, எங்கோ உடைந்த குழாய்க்குள் விழுந்த நிலத்து மண். வீட்டுச் சுவரோரம் நடைகல் காரணமில்லாமல் தாழ்ந்திருப்பதும், புல்தரையில் சிறு குழி விழுவதும் அதே செய்தியைச் சொல்லும் அறிகுறிகள்.

மரத்தையும் பாருங்கள். வில்லோ, பொப்ளார், பேர்ச் ஆகியவை தண்ணீரைத் தேடி வெகுதூரம் வேர் விடும். முன்னைய வீட்டுக்காரர் ஆசையாய் நட்ட மரம் குழாய்க்கு மேலே நிற்கிறது என்றால், உள்ளே வேர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கமராக்காரரை அழையுங்கள். வேரை வெட்டும் கருவியைக் குழாய்க்குள் விடலாம். ஆனால் மூட்டை அடைக்காமல் வேரை மட்டும் வெட்டினால் அடுத்த ஆண்டு அது இன்னும் அடர்த்தியாக வளர்ந்து நிற்கும்.

வரைபடமும் கமராவும்

கமராவுக்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. வீடு கட்டியபோது கொமூனுக்குக் கொடுத்த கட்டட ஆவணங்கள் பல கொமூன்களில் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் கழிவுநீர்க் குழாயின் வரைபடத்தைத் தேடி எடுங்கள். எந்த வழியாகக் குழாய் போகிறது, கிணறுகள் எங்கே என்று அதில் தெரியும். ஒரு கிணறு வரைபடத்தில் இருந்து முற்றத்தில் காணவில்லை என்றால் யாரோ அதன் மேல் கல் பதித்துவிட்டார்கள் அல்லது மேடை கட்டிவிட்டார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பிறகு பெரும் செலவைத் தவிர்க்கும்.

கமராப் பரிசோதனையில், கம்பி நுனியில் பொருத்திய சிறு கமராவைக் கிணற்றிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். எத்தனையாவது மீற்றரில் என்ன தெரிகிறது என்பது பதிவாகும்: விலகிய மூட்டு, வெடிப்பு, வேர், உடைவு, தேங்கி நிற்கும் தண்ணீர். ஒவ்வொரு பழுதுக்கும் 0 முதல் 4 வரை ஒரு வகுப்பு இடுவார்கள். 4 மிகக் கடுமையானது. இந்த வகுப்பு எழுத்துமூலமாக வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். காணொளியும், மீற்றர் குறித்த அறிக்கையும், குழாயின் வரைபடமும் மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். டி.டி.வி.கே. என்ற தரக்கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்த நிறுவனமாக இருப்பது நல்லது. காப்புறுதி நிறுவனங்கள் அந்த அறிக்கையைத்தான் மதிக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பரிசோதித்தவரே அங்கேயே நின்று "இது முழுக்க மாற்ற வேண்டும், இன்றைக்கே கையெழுத்திட்டால் விலை குறைவு" என்றால் கையெழுத்திட வேண்டாம். காணொளியை வாங்கி இன்னொருவரிடம் காட்டுங்கள். அறுபது வயதுக் குழாயில் 1ஆம், 2ஆம் வகுப்புக் குறைகள் இருப்பது இயல்பு. அவை வயதின் சுருக்கங்கள். ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

எது யாருடைய பொறுப்பு

உங்கள் காணியின் எல்லைக்குள் இருக்கும் குழாய் முழுவதும் உங்களுடையது. எல்லைக்கு அப்பால் வீதியிலுள்ளது கழிவுநீர் நிறுவனத்தின் பொறுப்பு. அடைப்பு எல்லைக்கு எந்தப் பக்கத்தில் என்பதைக் கமரா காட்டிக் கொடுக்கும். அப்பால் என்றால் தொழிலாளியை நீங்கள் அழைத்துப் பணம் கொடுக்குமுன் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

வீட்டுக் காப்புறுதியில் தீ, புயலுக்கான பகுதி வேறு, நிலத்தடிக் குழாய்க்கான பகுதி வேறு. ஸ்ரிக்லெட்னிங் என்ற சொல் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குக் காப்பு இல்லை. இருந்தாலும் பெரும்பாலும் 3, 4ஆம் வகுப்புப் பழுதுகளுக்கே பணம் வரும். பல நிறுவனங்கள் குழாயின் வயதுக்கேற்பத் தொகையைக் குறைத்துக் கொள்கின்றன. வேலை தொடங்குமுன் அறிவித்து, அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மாதத்துக்கு ஐம்பது குரோனர் மிச்சம் என்று நிறுவனத்தை மாற்றும் முன்னும் இந்தப் பகுதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நமது வீடுகளில் இந்தக் கடிதங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது வழக்கம். கொடுங்கள், ஆனால் இந்த ஒரு பக்கத்தைச் சேர்ந்திருந்து வாசியுங்கள். பிள்ளைக்கு மொழி தெரியும், வீடு உங்களுக்குத்தான் தெரியும்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு: 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி விற்பவர் கட்டட நிலை அறிக்கை ஒன்றைத் தருவார். டில்ஸ்ரண்ஸ்றப்போர்ட் எனப்படும் அந்த அறிக்கையைத் தயாரிப்பவர் கண்ணால் பார்க்கக் கூடியதைத்தான் பார்க்கிறார். நிலத்துக்குக் கீழுள்ள குழாயை அவர் திறந்து பார்ப்பதில்லை. அறிக்கை சுத்தமாக இருப்பதால் குழாயும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கையெழுத்திடுமுன் கமராப் பரிசோதனைக்கு விற்பவரின் அனுமதியைக் கேளுங்கள். வாங்குபவருக்கான காப்புறுதி குழாயை எவ்வளவு தூரம் காக்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலையை யார் செய்யலாம் என்பதில் டென்மார்க் கண்டிப்பானது. நிலத்துக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் போடவும் மாற்றவும் க்ளோஆக்மேஸ்டர் எனப்படும் அங்கீகாரம் பெற்ற கழிவுநீர்க் குழாய் வல்லுநர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார். பாதுகாப்பு அதிகாரசபையின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நம்மவர்களில் கட்டட வேலை தெரிந்த கெட்டிக்காரர் பலர் இருக்கிறார்கள். ஓடு பதிக்கவும் சுவர் பூசவும் அவர்களை அழையுங்கள். குழாயைத் தெரிந்தவர் கையால் மலிவாகப் போட்டுவிட்டால் காப்புறுதியும் இல்லை, விற்கும்போது சொல்லவும் முடியாது.

திருத்தும் வழிகள்

தோண்டாமல் திருத்தும் முறைக்கு இங்கே ஸ்ரொம்பஃபோரிங் என்று பெயர். பிசின் ஊறிய நீண்ட துணிக் குழலைப் பழைய குழாய்க்குள் காற்றின் அல்லது நீரின் அழுத்தத்தால் புரட்டித் தள்ளி, சுடுநீராலோ நீராவியாலோ ஒளியாலோ இறுகச் செய்கிறார்கள். பழைய குழாய்க்குள்ளே மூட்டில்லாத புதுக் குழாய் ஒன்று உருவாகிவிடுகிறது. 1971இல் எரிக் வுட் என்பவர் லண்டனில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாயில் முதன்முதலாகச் செய்து காட்டிய முறை இது. இப்போது ஐம்பது வருடம் உழைக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். விலகிய மூட்டு, வேர், வெடிப்பு ஆகியவற்றுக்கு இது மிக நல்ல தீர்வு. உங்கள் பூந்தோட்டமும் தரையும் தப்பிவிடும்.

ஆனால் அந்தக் குழல் பழைய குழாயின் வடிவத்தையே பின்பற்றும். குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்கினால், உள்ளே பூசிய பின்னும் அதே இடத்தில் தேங்கும். முழுதாக இடிந்த குழாய்க்குள் குழலே போகாது. பக்கக் கிளைகள் சேரும் இடங்களைப் பிறகு உள்ளிருந்து வெட்டித் திறக்க வேண்டும். எத்தனை கிளை, எல்லாம் திறக்கப்பட்டனவா என்பதைக் காட்டும் காணொளியை வேலை முடிந்தபின் கேட்டு வாங்குங்கள்.

தோண்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்கு அடியில் போகும் பழைய குழாயை அங்கேயே விட்டு அடைத்துவிட்டு, புதுக் குழாயை வீட்டைச் சுற்றி வெளியே கொண்டுபோக முடியுமா? பல பாசெல்ஹூஸ்களில் முடியும். தரையை உடைக்காமல் முற்றத்தில் தோண்டுவது மலிவு. அடுத்த தலைமுறைக்கும் எட்டும் இடத்தில் குழாய் இருக்கும்.

வீட்டுக்குள் பழைய சாம்பல் நிறச் சீமெந்துக் குழாய் தெரிந்தால் அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். வெட்டவோ துளைக்கவோ வேண்டாம்.

எலி

வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விடயம் இல்லை இது. எமில் சுஷ்லாக் என்பவரின் விடாமுயற்சியால் 1907இல் டென்மார்க்கில் எலி ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்றும் எலியையோ அதன் எச்சத்தையோ கண்டால் கொமூனுக்கு அறிவிப்பது சட்டப்படி கடமை. எலியைக் கொல்ல வருபவருக்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் கொமூனுக்குச் செலுத்தும் கட்டணங்களில் அது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் எலி வரும் வழியை அடைப்பது உங்கள் செலவு.

வழி பெரும்பாலும் பாவனையில் இல்லாத கிளைக் குழாய்தான். பழைய மலகூடத்தை எடுத்துவிட்டு அறையாக்கியிருப்பார்கள், அதன் குழாயை ஒழுங்காக மூடாமல் துணியைத் திணித்து மேலே ஓடு பதித்திருப்பார்கள். எலிக்கு அது காற்றும் சூடும் உள்ள வீடு. குளியலறையை இடம் மாற்றும்போது பழைய குழாயை க்ளோஆக்மேஸ்டரைக் கொண்டு முதன்மைக் குழாய்க்கு அருகிலேயே அடைக்கச் சொல்லுங்கள். எங்கே ஓட்டை என்று தெரியாவிட்டால் குழாய்க்குள் புகை விட்டுப் பார்ப்பார்கள். சுவர் மூலையிலோ அலுமாரிக்குப் பின்னாலோ வெண்புகை எழும் இடமே ஓட்டை. எலித் தடுப்பு வால்வைக் கிணற்றில் பொருத்தலாம். அது எலி வீதிக் குழாயிலிருந்து வருவதைத்தான் தடுக்கும், உங்கள் உடைந்த குழாயைத் திருத்தாது. வால்வுக்கும் பராமரிப்பு வேண்டும். கடதாசி சிக்கினால் அதுவே அடைப்பாகும்.

மழைநீர் தனியாகும் காலம்

1853இல் கோபன்ஹேகனில் கொலரா பரவி 4,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு, 1857இல், எல். ஏ. கோல்டிங் என்ற பொறியாளரின் கழிவுநீர்க் கால்வாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. மழைநீரும் அழுக்குநீரும் ஒரே குழாயில் போகும் பழக்கம் அந்தக் காலத்து நகரங்களில் தொடங்கி ஊர்களுக்கும் பரவியது. இன்று மழை கொட்டும் விதம் மாறிவிட்டது. 2011 ஜூலை 2ஆம் திகதி கோபன்ஹேகன் தாவரவியல் பூங்காவில் ஒரே நாளில் 135 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியது. வீதிக் குழாய் நிறைந்து, கழிவுநீர் பின்னோக்கி வந்து நிலவறைகளை நிறைத்தது.

அதனால் பல கொமூன்கள் தெருத் தெருவாக இரண்டு குழாய் போட்டு வருகின்றன. உங்கள் தெருவின் முறை வரும்போது, காணிக்குள்ளும் மழைநீரைத் தனியாகப் பிரிக்கும்படி கடிதம் வரும். அந்தச் செலவு உங்களுடையது. இதனால்தான் பெரிய திருத்தத்துக்கு முன் கொமூனின் கழிவுநீர்த் திட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் தெருவைப் பிரிக்கப் போகிறார்கள் என்றால், இன்று உயிர்போகாத பழுதைப் பொறுத்துக்கொண்டு இரண்டு வேலையையும் ஒரே தோண்டலில் முடிக்கலாம். மண் தண்ணீரை உறிஞ்சும் இடமானால் கூரைத் தண்ணீரை முற்றத்திலேயே நிலத்துக்குள் விட அனுமதி கேட்கலாம். மேற்கு யூலன்டின் மணல் நிலத்தில் அது பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். களிமண் நிலத்தில் சந்தேகம்தான்.

நிலவறை உள்ள வீட்டுக்குப் பின்னோட்டத் தடுப்பு வால்வு அவசியம். அதைப் போட்டவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: கடும் மழையில் வால்வு மூடியிருக்கும் நேரம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. அப்போது மேல்மாடியில் குளித்தால் அந்தத் தண்ணீர் உங்கள் நிலவறையிலேயே வழியும். மழை ஓயும்வரை வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

மாடி மாடியாக இறங்கும் பெருங்குழாய் கட்டடச் சங்கத்துக்கு உரியது, தனி வீட்டுக்காரருக்கு அல்ல. உங்கள் குளியலறையைப் புதுப்பிக்குமுன் அந்தப் பெருங்குழாயை எப்போது மாற்றப் போகிறார்கள் என்று சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள். கோபன்ஹேகனின் பழைய கட்டடங்களில் வார்ப்பிரும்புக் குழாய் ஓடும் சுவரை ஓட்டால் மறைத்த அடுத்த ஆண்டே அதை உடைக்கும்படி ஆகலாம். சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு நம்மவர் போவது குறைவு. போங்கள், அந்த முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது.

கோப்பு

கமராக் காணொளி, வகுப்பிட்ட அறிக்கை, காப்புறுதிக் கடிதங்கள், க்ளோஆக்மேஸ்டர் வேலை முடிந்ததாகக் கொமூனுக்கு அனுப்பிய அறிவித்தலின் பிரதி, புது வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் அந்தக் கோப்பு வாங்குபவரின் சந்தேகத்தையும் விலைபேசலையும் பாதியாகக் குறைக்கும். புதுக் குழாய் போடும் நாளில் வீட்டில் நில்லுங்கள். மண் மூடுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். சுவரின் மூலையிலிருந்து குழாய் எத்தனை மீற்றர், எவ்வளவு ஆழம் என்று அளந்து, அந்தப் படத்தை அச்சிட்டு அதன் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.